நாற்காலிச் சின்னத்து வேட்பாளர்

நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பந்தலுக்கடியில் நீலமும் சிவப்புமாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை ஊர்க்காவல் படைக்காரர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி, சாய்ந்து விழப்போகும் கோபுரம் மாதிரி தூக்கிக்கொண்டு போய், பள்ளிக்கூடத்தின் விளையாட்டுச் சாமான் அறையில் வைத்துப் பூட்டினார்கள். ஓட்டுப்போட வந்த வரிசையில் முதல் ஆளாக நின்றபடியே வீரபெருமாள் அதைப் பார்த்தார். வேட்டி நுனியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தலையைச் சற்றே உயர்த்தி, கொடியேற்றும்போது பார்ப்பதைப் போலப் பார்த்தார். உட்காரும் உரிமைக் கட்சியின் நிறுவனர், தலைவர், பொதுச்செயலாளர், இந்தத் தொகுதியின் வேட்பாளர் எல்லாம் அவர் ஒருவரே. சின்னம் நாற்காலி. காரணம் அதுதான். ஆளுங்கட்சியின் பூத் ஏஜெண்டு தங்கமாரி, கஞ்சி போட்ட சட்டை கசங்காமல் உள்ளே போய், வாக்குச்சாவடியின் தலைமை அலுவலராக வந்திருந்த டீச்சரம்மாவிடம், "மேடம், நூறு மீட்டருக்குள்ள சின்னம் இருக்கக் கூடாதுன்னு சட்டம். இங்க பந்தல் பூராம் ஒரு வேட்பாளரோட சின்னத்தப் பரப்பி வச்சிருக்கீங்க. ஜனங்க அதுல உக்காந்து வேற காமிக்கிறாங்க" என்று சொன்னான். அந்த அம்மாள் தன் நாற்காலியைக் குனிந்து பார்த்து, "அப்ப நான் எதுல உக்காருறது?" என்று கேட்டாராம். "ஒரு பெட்சீட்டப் போட்டு மூடிக்கங்க மேடம்." இப்போது உள்ளே அரசாங்கம் பூப்போட்ட பெட்சீட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. வெளியே ஊர் நிற்கிறது.

எந்தக் கட்சியின் சின்னத்தையாவது இந்த அரசாங்கம் பயந்து பூட்டி வைத்ததுண்டா என்று வீரபெருமாள் தன்னையே கேட்டுக்கொண்டார். பெரிய பெரிய கட்சிகள், ஹெலிகாப்டரில் வருகிறவர்கள், அவர்கள் சின்னத்துக்கு உண்டா இந்த மரியாதை. கேள்வியாகவே வைத்து ஒரு துண்டுப்பிரசுரம் எழுதலாம், தலைப்புக்கூட வந்துவிட்டது, 'பூட்டுக்குள்ளே நாற்காலி, புழுக்கத்திலே மக்கள்'. நாளைக்கே அச்சகத்துக்குக் கொடுத்துவிடலாம், மஞ்சள் தாளில், எப்போதும்போல. இந்த நாற்காலிக்காக எத்தனை தேர்தல் காத்திருந்தார். ஒவ்வொரு தடவையும் நாற்காலியை முதலில் எழுதிக் கொடுப்பார், கிடைக்காது. ஒரு தடவை இஸ்திரிப் பெட்டி வந்தது. பரவாயில்லை, தேய்க்கிறவனும் நிற்கிறவன்தானே என்று தெருத்தெருவாகச் சொல்லிச் சமாளித்தார். ஒரு தடவை புல்லாங்குழல். ஊதுகிறவன்கூட உட்கார்ந்துதான் ஊதுகிறான் என்று பேருந்து நிலையத்தில் பேசிக்கொண்டிருந்தபோது கூட்டத்திலிருந்து ஒருவன், "அண்ணாச்சி, கிருஷ்ணரு நின்னுக்கிட்டுல்ல ஊதுறாரு" என்றான். கூட்டம் சிரித்துக் கலைந்தது. கிருஷ்ணருக்கும் கால் வலிக்கும், அதனால்தான் ஒரு காலை மடித்து வைத்திருக்கிறார் என்ற பதில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது. அதையும் விடவில்லை, நோட்டீஸ் அடித்துப் பஜார் முழுக்க ஒட்டினார். இந்தத் தடவை நாற்காலியே கிடைத்துவிட்டது. கிடைத்த அன்று சின்னம் அச்சடித்த தாளை நெஞ்சில் வைத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் படிகளில் இறங்கியபோது, பெற்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவனின் நடை அவருக்கு வந்திருந்தது.

ஆனாலும் ஒன்று உறுத்தியது. பொது இடத்தில் உட்காருவதில்லை என்பது அவருடைய வைராக்கியம். ஜவுளிக்கடையில் நிற்கிற கடைசிப் பெண் உட்காரும் வரை நான் பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், கல்யாண மண்டபத்தில், எங்கும் உட்காரமாட்டேன் என்று பஜார் மணிக்கூண்டின் கீழே இளவட்டமாக இருக்கும்போது சொன்னது. சொன்னதைச் செய்தவர். கல்யாண வீட்டில் நின்றுகொண்டே சாப்பிட்டு, பந்தி விசாரிக்கிறவர் என்று நினைத்து சாம்பார் கேட்டவர்களுக்கு ஊற்றவும் செய்திருக்கிறார். சொந்தத் தங்கை மகள் கல்யாணத்தில் தாய்மாமனுக்குப் போட்ட ஆசனத்துக்குப் பக்கத்தில் நின்று சீர் செய்தவர். ஊர் அவருக்கு நின்ற பெருமாள் என்று பேர் வைத்தது கேலிக்குத்தான். அதை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டு நோட்டீஸின் அடியிலேயே போட்டுக்கொண்டார். இன்றைக்கும் போலீஸ்காரர் யாராவது, பெரியவரே இப்படி உட்காருங்கள் என்று நாற்காலியை நகர்த்துவார், அப்போது சொல்வதற்கு ஒரு வாக்கியத்தைக் காலையிலிருந்து தேய்த்துத் தேய்த்து வைத்திருந்தார். கடைசி ஆளுக்குப் போட்ட பிறகு எனக்குப் போடுங்கள். வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். அதில் பிரச்சாரம் என்று யாரும் குறை சொல்ல முடியாது. அந்த வாக்கியத்தைத் தங்கமாரி கெடுத்துவிட்டான். தானாக மறுக்க வேண்டியதை இன்னொருவன் தடுத்துவிட்டால் அப்புறம் மறுப்பதற்கு என்ன இருக்கிறது. நின்ற பெருமாள் நிற்கிறார், சரி, அவர் பின்னால் நிற்கிற லாரி டிரைவரும்தான் நிற்கிறார், வித்தியாசம் என்ன. வெயில் பந்தலின் கிழிசல் வழியாக ஒரு காசு அளவுக்கு அவர் இடது தோளில் விழுந்து கிடந்தது. உள்ளே மிஷின் வேலை செய்யவில்லை. மாற்று மிஷின் ஜீப்பில் வருகிறது என்று சொல்லி வெகுநேரமாயிற்று. வயதானவர்கள் நேரே உள்ளே போகலாம் என்றார்கள், உள்ளே போய் என்ன செய்வது, சுவரில் ஓட்டுப்போடுவதா. இடது முழங்காலில் ஒரு நரம்பு, யாரோ உள்ளேயிருந்து சுண்டுகிற மாதிரி சுண்டியது. டாக்டர் சொன்னார், இனிமேல் ரொம்ப நேரம் நின்றால் மயக்கம் வரும் என்று. வரட்டும். ஆனால் இங்கே வரக்கூடாது. இங்கே விழுந்தால் நாளைக்கு டீக்கடையில் விழுந்த பெருமாள் என்பார்கள். அதை எந்த நோட்டீஸின் அடியில் போட்டுக்கொள்ள முடியும்.

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தப் பேச்சு வந்தது. உரக்கச் சொல்லவில்லை, அவருக்குக் கேட்காது என்று நினைத்துச் சொன்னதும் இல்லை. "உக்கார வைக்கிறேன்னு வந்த மனுசன் ஊரையே நிக்க வச்சிட்டாரு." லாரி டிரைவர்தான். இன்னொரு குரல், "பழையபடி புல்லாங்குழலையே குடுத்திருந்தா நமக்குக் காலாவது மிஞ்சியிருக்கும்" என்றது. சிரிப்பு வரிசையின் கடைசி வரை ஓடியது. வீரபெருமாள் திரும்பவில்லை. அவர் வாயால் வாழ்ந்தவர். நூறு மீட்டருக்கு அப்பால் இதே வார்த்தை வந்திருந்தால் திரும்பி நின்று, யாரடா சொன்னது, நாற்காலியைப் பூட்டியது நானா தங்கமாரியா, உன் மனைவி எந்தக் கடையில் நிற்கிறாள், எத்தனை நாள் அவள் கால் பிடிப்பை நீ அழுத்திவிட்டிருக்கிறாய் என்று ஆரம்பித்திருப்பார். இங்கே நாக்கு கட்டுத்தறியில் நிற்கிறது. சின்னத்தைச் சொல்லக்கூடாது, கட்சியைச் சொல்லக்கூடாது, அவரைப் பொறுத்தவரை இந்த இரண்டையும் விட்டால் பேச உலகத்தில் வேறு எதுவும் கிடையாது. ஊரையே நிக்க வச்சிட்டாரு. அந்த வார்த்தையை வெளியே தள்ளிவிட்டு வேறு நினைக்கப் பார்த்தார். அது போய்விட்டுத் திரும்பி வந்தது, செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி, ஒவ்வொரு தடவை காலை மாற்றும்போதும் இன்னொரு இடத்தில் குத்தியது. பக்கத்து வரிசையில் பெண்கள் நின்றார்கள். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடையை மாற்றி, இடுப்பில் கை வைத்து, மறுபடி பழைய காலுக்கு. அந்த அசைவு அவருக்குத் தெரியும். அக்கா பேச்சியம்மாள் அப்படித்தான் வீட்டில் அடுப்பு முன்னால்கூட நின்றாள், கடையில் நின்று பழகிப்போய். சாயங்காலம் வந்ததும் வாளியில் உப்புத் தண்ணீரை வைத்து இரண்டு காலையும் உள்ளே விடுவாள். பச்சை நரம்புகள் சுருட்டிக்கொண்டு கிடக்கும். கடலை மடித்துக் கொடுத்த பழைய நோட்டீஸ் ஒன்றை, சிறு பையனாக இருந்த அவர் எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டுவார். 'தோழர்களே, உழைப்பவன் கால்' என்று ஆரம்பிக்கும் அது, பாதியில் கிழிந்திருக்கும். மீதியில என்னடா போட்டிருக்கும் என்று அக்கா கேட்பாள். பள்ளிக்கூடம் அவருக்கு அந்தக் கடலைத் தாள்தான். மீதியைத்தான் வாழ்நாள் முழுக்க எழுதிக்கொண்டிருக்கிறார். சந்தேகமே இல்லை, இந்த ஊரில் அவரைவிட அதிகமாக யாரும் எழுதியதில்லை, அவரைவிடக் குறைவாக யாரும் சம்பாதித்ததும் இல்லை.

பெண்கள் வரிசையில் தனக்கு நேராக நிற்கிறவளை அவர் அப்புறம்தான் பார்த்தார். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சண்முகத்தாய். தலை நரைத்து உடம்பு பெருத்திருந்தாள், ஆனால் அந்த முகவாய்க் குழி மாறவில்லை. பஜாரின் பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்ற பெண்களுக்கெல்லாம் அவள்தான் துணிச்சல்காரி, அவளை நம்பித்தான், கடையில் உட்கார இடம் கேட்டு அந்தப் போராட்டத்தையே அவர் தொடங்கினார். தொழிலாளர் துறையிலிருந்து அதிகாரியை மனு மேல் மனு போட்டு வரவழைத்து, கடைக்குள்ளே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். முதலாளி சிரித்துக்கொண்டே, யார் உட்கார வேண்டாம் என்றது என்று சொல்லி முக்காலிகளைக் கொண்டுவந்து வரிசையாகப் போடச் சொன்னார். அதிகாரி, "உட்காருங்கம்மா, யாருக்கு உட்காரணுமோ உட்காருங்க" என்றார். ஒருத்தியும் உட்காரவில்லை. எல்லாரும் சண்முகத்தாயைப் பார்த்தார்கள். அவள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "நாங்க நின்னே பழகிட்டோம் சார், நின்னாத்தான் வசதி" என்றாள். அதிகாரி அதை எழுதிக்கொண்டார். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது. கடையிலிருந்து வெளியே வரும்போது பஜார் சத்தம் ஒன்றும் அவர் காதில் விழவில்லை. அன்றைக்கே எழுதினார், 'முதலாளி முறைத்தால் முக்காலியும் சுடும்' என்று, அவள் பேரைப் போடவில்லை, போடாமலே ஊருக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் கழித்து, கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று ஒரு சட்டமே வந்தது, யார் யாரோ சால்வை போட்டுக்கொண்டார்கள், கடைகளில் முக்காலி போட்டார்கள், இப்போது அந்த முக்காலிகளின்மேல் பிரித்த சேலையைப் போட்டு வைத்திருக்கிறார்கள். அதற்கும் அவர் சண்முகத்தாயைத்தான் மனசுக்குள் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவள் ஒருத்தி உட்கார்ந்திருந்தால் இந்த ஊரிலிருந்துதான் அந்தச் சட்டம் புறப்பட்டிருக்கும். அவளுடைய கணுக்கால் சேலைக்குக் கீழே தெரிந்தது. பச்சை நரம்புகள், சுருட்டிக்கொண்டு. பார்க்கக்கூடாது என்று நினைத்து மறுபடியும் பார்த்தார்.

"அண்ணாச்சி, நல்லா இருக்கீகளா?" அவள்தான் பேசினாள், சாதாரணமாக, நேற்றுப் பார்த்தவள் போல. "நிக்கிறேன்" என்றார் அவர். "அது தெரியுதே. அன்னைக்கும் நின்னுக்கிட்டுத்தான் இருந்தீக." வரிசையில் பக்கத்தில் இருந்தவர்கள் காதைக் கொடுத்தார்கள். வீரபெருமாளுக்கு, இவ்வளவு காலம் உள்ளே புளித்துக் கிடந்தது தொண்டைக்கு வந்தது. "நீ உட்கார்ந்திருந்தா நான் ஏன் நிக்கப்போறேன். முக்காலி போட்டாச்சு, ஆபீசர் வந்தாச்சு, எல்லாம் வந்தாச்சு, உனக்கு முதலாளி முகம்தான் பெரிசாப் போச்சு." அவள் கோபப்படவில்லை. கால் மாற்றி நின்றாள். "எப்படி அண்ணாச்சி உக்கார்றது? அந்த ஆபீசரு நிக்கிறாரு. மொதலாளி நிக்கிறாரு. நீங்க, எங்களுக்காக வெயில்ல கெடந்து அலைஞ்ச மனுசன், எதுக்க நிக்கிறீக. உங்களுக்கு முன்னாடி போயி முக்காலில சப்புன்னு உக்காந்தா எங்களப் பெத்தவுக என்ன வளத்திருக்காகன்னு கேக்க மாட்டீகளா? மொதலாளிக்குப் பயந்துட்டோம்னு ஊரெல்லாம் நோட்டீசு ஒட்டினீக. மொதலாளிக்குப் பயந்தது பாதிதான். மீதி உங்களுக்கு." பக்கத்தில் நின்ற இன்னொரு பெண், "அன்னைக்கு நானும் இருந்தேன்" என்று மட்டும் சொன்னாள். "நீங்க மொதல்ல உக்காந்து, உக்காரு தாயின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா" என்று சண்முகத்தாய் ஆரம்பித்து, முடிக்காமல் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அபத்தம் என்று நினைத்தார். பெண்பிள்ளைகள் பின்னாளில் கட்டிச் சொல்கிற சமாதானம். அப்படியானால் என் வைராக்கியம்தான் அவர்களை நிறுத்தியது என்றாகிறது, அதெப்படி, அவர்களுக்காக எடுத்த வைராக்கியம் அல்லவா. மணிக்கூண்டின் கீழே கைதட்டினார்களே. நான் நின்றது அவர்களுக்குக் கஷ்டம் என்று யார் சொன்னது, ஒருவராவது நோட்டீஸ் போட்டுச் சொன்னார்களா. ஆனால் அக்கா. அவர் நின்றுகொண்டு நோட்டீஸ் வாசிக்கும்போது அக்கா வாளியிலிருந்து காலை எடுத்துவிடுவாள். நீ உக்காரு, உக்காந்து படி, அப்பத்தான் எனக்குக் காலு ஆறும் என்பாள். உட்கார்ந்த பிறகுதான் மறுபடி தண்ணீரில் விடுவாள். இது எங்கே இருந்தது இத்தனை நாள். கடையில் அன்றைக்கு முக்காலிகளுக்கு நேர் எதிரே, மார்பை நிமிர்த்தி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தூண் மாதிரி நின்றது அவருக்கு ஞாபகம் இருந்தது. எவ்வளவு கம்பீரமாக நின்றோம் என்று பல தடவை நினைத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்ட காட்சிதான். தப்பு என்று அவர் சொல்லமாட்டார். சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை, இந்த வயதில் பழகவும் முடியாது. ஊரையே நிக்க வச்சிட்டாரு. கல் இப்போது குதிகாலில் இருந்தது. பெண்கள் வரிசையில் ஒரு வயதான அம்மாள் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். தரை சிமெண்டுத் தரை, கூட்டி வைத்த தரை, ஆனால் யாரும் உட்காரவில்லை. முன்னால் நிற்கிறவன் நிற்கும்போது எப்படி உட்காருவது. எல்லாருக்கும் முன்னால் நிற்கிறவர் யார். உட்கார்ந்தால் இந்த ஊரில் அவருக்கு இருந்த ஒரே சொத்து போய்விடும். ஓட்டு இல்லை, வீடு இல்லை, பிள்ளை இல்லை, ஆனால் நின்ற பெருமாள் என்ற பேர் இருந்தது, பெரிய கட்சிக்காரன்கூட அதைச் சொல்லும்போது குரலில் சின்ன மரியாதை கலந்துதான் சொல்வான். அவர் பந்தக்காலில் கை வைத்தார். வலது காலை முதலில் மடித்தார். இடது முழங்கால் மடங்க மறுத்து, பிறகு காய்ந்த கதவு மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு மடங்கியது. தரை அவர் நினைத்ததைவிடக் கீழே இருந்தது. உட்கார்ந்துவிட்டார். சம்மணம் போட்டு, வேட்டியை ஒழுங்குசெய்து, முதுகை நிமிர்த்தி, ஆயிரம் பேர் பார்க்கிற மேடையில் உட்காருகிறவர் மாதிரி.

"உக்காரு தாயி" என்றார்.

சண்முகத்தாய் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு சேலையைக் கணுக்காலுக்குமேல் ஒதுக்கிக்கொண்டு, பெருமூச்சோடு அவருக்கு நேராக உட்கார்ந்தாள். கண்ணை மூடியிருந்த அம்மாளை யாரோ கைபிடித்து உட்காரவைத்தார்கள். பெண்கள் வரிசை முன்னாலிருந்து பின்னால் வரை சரசரவென்று இறங்கியது. லாரி டிரைவர், "அப்பாடா" என்று சொல்லிக்கொண்டு செருப்பைக் கழற்றி அதன்மேலேயே உட்கார்ந்தார். தங்கமாரி ஓடிவந்தான். "அண்ணாச்சி, எந்திரிங்க. வேட்பாளர் தரையில உக்காந்தா அது மறியல். எழுதிக் குடுத்தேன்னா போலீச விட்டு உங்கள வெளிய தூக்கிருவாங்க, உங்க ஓட்டே உங்களுக்கு விழாது, பாத்துக்கங்க." அது மட்டும் வீரபெருமாளுக்குச் சுருக்கென்றது. அவருக்கு நிச்சயமாகத் தெரிந்த ஓட்டு அது ஒன்றுதான். எழவில்லை. எழ முடியுமா என்பதும் தெரியவில்லை, ஆனால் அதை யாரும் அறிய வேண்டியதில்லை. தலைமை அலுவலர் அம்மாள் வாசலில் வந்து எட்டிப்பார்த்தார். சாக்பீஸ் பிடித்துப் பிடித்து வறண்ட விரல்களால் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, இரண்டு வரிசையையும் கடைசி வரை பார்த்தார். அவரும் வகுப்பில் நின்றே காலம் கழித்தவராகத்தான் இருக்க வேண்டும். "தரையை யாரும் சின்னமாக் கேக்கலையே தம்பி" என்றார் தங்கமாரியிடம். "கேட்டிருந்தா சொல்லுங்க, அதையும் பெட்சீட்டு போட்டு மூடிருவோம்." சிரிப்பு எழுந்தது, இந்தத் தடவை அது வீரபெருமாளைத் தாண்டிப் போய் தங்கமாரியின்மேல் விழுந்தது. பந்தலுக்கடியில் நின்றுகொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான். "ஏன் தம்பி நிக்கிற" என்றாள் சண்முகத்தாய், "காலு கடுக்கும், உக்காரு." அவன் செல்போனைப் பார்க்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு, சுவரோரமாகப் போய், சட்டை கசங்காமல் குத்துக்காலிட்டான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெளியூர்க் கிழவர் ஒருவர், மகள் வீட்டோடு வந்து இங்கே ஓட்டு மாற்றியவராம், குனிந்து கேட்டார், "நீங்க யாரு, எந்தக் கட்சி?" வீரபெருமாளின் வாய் திறந்தது. வாழ்நாள் முழுக்க இந்தக் கேள்விக்காகத் திறந்த வாய். மூடிக்கொண்டார். "ஓட்டுப்போட வந்தவன்" என்றார். சண்முகத்தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் யாருக்குப் போடுவாள் என்று அவருக்குத் தெரியும், அவள் வீட்டுச் சுவரில் ஆளுங்கட்சியின் கொடி வரைந்திருக்கிறது. போடட்டும். சிமெண்டுத் தரையின் குளிர்ச்சி வேட்டி வழியாக ஏறிக்கொண்டிருந்தது. கீழேயிருந்து பார்க்கும்போது ஊர் வேறு மாதிரி இருந்தது. எல்லார் முகமும் ஒரே உயரத்தில் இருந்தது, அவர் பேசும்போதெல்லாம் தலைகளைத்தான் பார்த்திருக்கிறார், முகங்களை அல்ல. கட்சி ஆரம்பித்ததிலிருந்து அதன் கொள்கையை இத்தனை பேர் ஒரே சமயத்தில் நிறைவேற்றியது இன்றுதான். எந்த ஹெலிகாப்டர்காரனுக்கு வாய்த்தது இது. ஜீப் வந்து நின்றது. மிஷின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். ஊர்க்காவல் படைக்காரர் கையைத் தட்டி, "மிஷின் வந்தாச்சு, எல்லாரும் எந்திரிங்க, எந்திரிச்சு வரிசையா நில்லுங்க" என்றார். யாரும் எழவில்லை. வரிசையில் எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. அவர் எழுந்தால்தான் எழுவார்கள் என்று தெரிந்தது. நின்ற பெருமாள் இன்னும் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தார்.